தேநீரில் மைனஸ் பதின்மூன்று

எனக்கு வாய் அதிகம். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். பல்லடம் சாலையில் ஒரு சாயப்பட்டறையில் பதினெட்டு வருஷமாக ஆய்வகப் பொறுப்பாளராக இருக்கிறேன். படித்தது எம்.எஸ்ஸி. இயற்பியல். சாயப்பட்டறை ஆய்வகத்துக்கு வேதியியல் படித்தவர்களைத்தான் எடுப்பார்கள். என்னை எடுத்ததற்குக் காரணமும் இந்த வாய்தான். நேர்காணலில் முதலாளி, "உங்களுக்குச் சாயத்தப் பத்தி என்னங்க தெரியும்?" என்று கேட்டார்.

"சாயத்தப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க. ஆனா சூட்டப் பத்தி எல்லாம் தெரியுமுங்க. சாயம் புடிக்கறதும் புடிக்காததும் சூட்டுலதானுங்களே இருக்குது?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்.

சூட்டைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நான் அன்று அவ்வளவு தெம்பாகச் சொன்னதற்குப் பின்னால், ஒரு முறை நன்றாக மூக்கறுபட்ட கதை இருக்கிறது. எம்.எஸ்ஸி. இறுதி வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், ஒல்லியான மனிதர், என் பதிவேட்டைத் திறக்கக்கூட இல்லை. "தனிச்சுழி வெப்பநிலை தெரியுமா?" என்றார். தெரியாமலா? செல்சியஸில் மைனஸ் இருநூற்று எழுபத்துமூன்று. அதற்கு மேல் எதையும் குளிர வைக்க முடியாது, அந்த இடத்தைத் தொடவும் முடியாது. எத்தனை முறை குளிர வைத்தாலும் கொஞ்சம் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். கடகடவென்று ஒப்பித்தேன்.

"சரி. அந்தச் சுழியை ஜீரோன்னு வச்சு எண்ண ஆரம்பிச்சா, வெப்பநிலை மைனஸ்ல வர முடியுமா? வந்தா அது குளிரா, சூடா?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "குளிர் சார். தனிச்சுழியைவிடக் குளிர்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சூடும்மா. எந்தப் பிளஸைவிடவும் சூடு. வீட்டுக்குப் போய் நிதானமா யோசி" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் ஊர் சேவூருக்குத் திரும்பும் பேருந்தில் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! மைனஸாம், சூடாம். மனுஷன் வேண்டுமென்றே மடக்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது தப்பென்று காட்டியே தீர வேண்டும் என்று நூலகத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்தேன். கடைசியில் தப்பு என்னுடையது என்று தெரிந்தது. ஆனால் அந்த விஷயம் புரிந்த நாளில் வந்த சந்தோஷத்தில் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பனியன் கம்பெனி. கீழ்த்தளம், மேல்தளம், இரண்டே தளம். படி ஏறச் சக்தி வேண்டும். எல்லோரும் கீழேயே இருக்கிறார்கள், ஒருவர்கூட ஏறவில்லை என்றால் அதுதான் தனிச்சுழி. அதற்கு மேல் குளிர முடியாது, இறங்குவதற்கு ஆள் இல்லையே. சூடு கொடுக்கக் கொடுக்க ஆட்கள் மேலே போவார்கள், வெப்பநிலை ஏறும். கீழே பாதி மேலே பாதி என்று ஆகிற இடத்தில் வெப்பநிலை எண்ணுக்கு அடங்காமல் போய்விடும். இன்னும் சூடு கொடுத்தால்? மேலே கூட்டம் நெரியும், கீழே காலியாகக் கிடக்கும். அந்த இடத்தில்தான் கணக்கு ஒரே தாவாக மைனஸுக்குத் தாவுகிறது. மேலே இருக்கிற கூட்டம் எப்போது இறங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பதால், பக்கத்தில் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அதற்குச் சூட்டைத் தள்ளிவிடும். இரண்டு பொருள் தொட்டுக்கொண்டால் எது சூட்டைக் கொடுக்கிறதோ அதுதான் அதிகச் சூடானது. எனவே அந்த மைனஸ் எல்லாப் பிளஸையும்விடச் சூடு.

தண்ணீருக்கும் இரும்புக்கும் இப்படி நடக்காது. அவற்றுக்குத் தளங்கள் முடிவில்லாமல் மேலே போய்க்கொண்டே இருக்கும். ஆய்வகத்தில் பிரத்யேகமாக ஏற்பாடு செய்தால்தான் இந்த மைனஸைப் பார்க்கலாம். ஐஸ்கிரீம் பெட்டி காட்டுகிற மைனஸ் வேறு, அது தண்ணீர் உறைகிற இடத்திலிருந்து எண்ணுவது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

புரிந்ததோடு நான் நிறுத்தியிருக்கலாம். எங்கே நிறுத்தினேன்! அந்தக் கேள்வியை ஆயுதமாக்கிக்கொண்டேன். பட்டறைக்குப் புதிதாக வரும் இன்ஜினீயர்கள், மெஷின் விற்க வருபவர்கள், சாயக் கம்பெனி ஆட்கள், ஒருவரையும் விடவில்லை. "மைனஸ்னா குளிருங்களா, சூடுங்களா?" என்பேன். எல்லோரும் குளிர் என்பார்கள். நான் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "சூடுங்க" என்பேன். ஆரம்பத்தில் கழற்றுவதற்கு எனக்குக் கண்ணாடியே கிடையாது, பேனாவை வைத்துச் சமாளித்தேன். மைனஸ் என்றதும் குளிர் என்பவர்கள் எல்லாம் அவசரக்குடுக்கைகள் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறேன்.

போன தீபாவளி முடிந்த வாரத்தில்தான் இது நடந்தது. தீபாவளிக்குத் திருப்பூர் காலியாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தென்மாவட்டத்துக்காரர்கள் குடும்பத்தோடு பேருந்து ஏறிவிடுவார்கள், பண்டிகை முடிந்து பத்து நாளுக்கு ஒவ்வொருவராகத் திரும்பி வருவார்கள். எங்கள் எலக்ட்ரீசியனும் ஊருக்குப் போயிருந்தார். மெஷின் ஓட்டும் ஆபரேட்டர் ஒருவர் மட்டும் போகவில்லை. அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. மகள் பன்னிரண்டாம் வகுப்பு, படிப்பு கெடும் என்று இங்கேயே இருந்துவிட்டார். கம்பெனிக்குப் பின்னால் கம்பெனியே கொடுத்த லைன் வீட்டில் குடியிருப்பு. அவர் மனைவி எங்கள் கம்பெனியிலேயே துணி செக்கிங் பார்க்கிறார். எனக்குத் தெரிந்து அண்ணாச்சி ஒரு லாட், அதாவது ஒரு நடை சாயம் போடும் துணி, கூடக் கெடுத்ததில்லை.

விடுமுறை முடிந்து மெஷின்களைத் தொடங்கும் அன்று, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவது எங்கள் வழக்கம். முதல் லாட் கறுப்பாக இருக்கக் கூடாது, மஞ்சளில்தான் தொடங்க வேண்டும் என்பது முதலாளியின் கண்டிப்பு. அன்று குழந்தைகள் பனியனுக்கான துணி, எலுமிச்சை மஞ்சள். ஆனால் பழைய மெஷினில் சூடு அளக்கும் கம்பி செத்துப்போயிருந்தது. புதுக் கம்பி வந்து பெட்டியில் கிடக்கிறது, மாட்ட எலக்ட்ரீசியன் இல்லை.

"அவரு வரட்டுமே அம்மணி. பக்கத்து யூனிட்டுல கேட்டுப் பாக்கலாமா?" என்றார் முதலாளி.

"ரெண்டு வயருங்க. இதுக்குப் போயி ஆளத் தேடுவாங்களா?" என்றேன்.

கம்பியின் முனையில் சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. பேட்டரியானாலும் சார்ஜரானாலும் சிவப்பு என்றால் பிளஸ், குழந்தைக்குத் தெரியும். சிவப்பைப் பிளஸில் கொடுத்தேன். மீட்டர் முப்பத்தொன்று காட்டியது. சுவரில் தொங்கிய வெப்பமானியிலும் முப்பத்தொன்று. "பாத்தீங்களா?" என்று முதலாளியைப் பார்த்துக் கையைத் தட்டினேன். கம்பியோடு வந்த விளக்கத்தாளைச் சும்மா எறிவானேன் என்று, பூசையில் மிஞ்சிய குங்குமத்தை அதில் மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன்.

பதினொரு மணி இருக்கும். வாங்குபவருக்கு அனுப்ப வேண்டிய நிறத் துண்டுகள் மதியக் கூரியரில் போயாக வேண்டும். நான் நிறம் ஒத்துப் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு இளஞ்சிவப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆய்வக வாசலில் அண்ணாச்சி வந்து நின்றார்.

"மேடம், மீட்டரு எறங்குது. அறுபது வைக்கணும். ஸ்டீம் தொறந்து விட்டிருக்கேன், இருவதுக்கு வந்துட்டு."

"எறங்குதுன்னா ஸ்டீம் பத்தலீங்க. இன்னுந் தொறந்து விடுங்க."

"இல்ல மேடம். மெசினுல கைய வச்சுப் பாத்தேன். நல்லா சுடுது."

நான் விளக்குப் பெட்டியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னேன். "உங்க கை என்ன மீட்டருங்களா அண்ணாச்சி? போயித் தொறந்து விடுங்க."

அவர் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தார். "மைனஸுல போகுது மேடம்."

"மைனஸ்னா குளிருங்க. முழுசாத் தொறங்க!" என்று கத்தினேன்.

இதைத்தான் சொன்னேன், இதே வார்த்தையில். அப்போது அது என் காதிலேயே விழவில்லை.

ஒரு மணிக்கு முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஈரத் துணி கிடந்தது. அறுபது டிகிரியில் நிற்க வேண்டிய சாயம் கொதிக்கப் போனால், துணியைப் பிடிக்காமல் தண்ணீரோடு உறவாடப் போய்விடும். ஒரு பக்கம் வெளிறிய மஞ்சள், ஒரு பக்கம் திட்டுத்திட்டாக அழுக்கு. மொத்த லாட்டும் போயிற்று. அண்ணாச்சி சுவரோரம் நின்றிருந்தார்.

"தண்ணி கொதிக்குது. கொதிக்கக் கொதிக்க இவரு ஸ்டீமத் தொறந்துட்டே இருந்திருக்காரு. பாத்துட்டு இருந்தீங்களா, தூங்கிட்டு இருந்தீங்களா? வாயத் தொறந்து சொல்லுங்களேன்" என்றார் முதலாளி. எங்கள் ஊரில் கோபம் தலைக்கேறினாலும் அந்த 'ங்க' போகாது.

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. என்னை ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான்.

"பூச போட்டு ஆரம்பிச்ச மொதல் லாட்டுங்க. நீங்க நாளைக்கு வர வேண்டாமுங்க. ஊட்டையுங் காலி பண்ணிருங்க."

வாய் அதிகம் என்று சொன்னேனே, அந்த வாய் அன்று ஒட்டிக்கொண்டது. நான் திறக்கச் சொன்னது உண்மைதான், ஆனால் இவர் அளவுக்கு மீறித் திறந்திருப்பார் என்று மனசுக்குள் ஒரு சமாதானம் தேடிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவர் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். நான் நேராகப் பழைய மெஷினுக்குப் போனேன். மீட்டர் மைனஸ் இருபத்தொன்பது காட்டியது. மெஷின் மேல் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன், உள்ளங்கை சிவந்துவிட்டது.

ஓடிப்போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். குங்குமத்தைத் தட்டிவிட்டுப் படித்தால், நல்ல தடித்த எழுத்தில் போட்டிருக்கிறான், இந்த வகைக் கம்பியில் சிவப்புதான் மைனஸ். நான் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். இப்படி மாட்டினால் பட்டறைக் காற்றின் சாதாரணச் சூட்டில் மீட்டர் சரியாகவே காட்டும். அதற்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, மீட்டர் அத்தனை டிகிரி இறங்கும். காலையில் முப்பத்தொன்று பார்த்துக் கை தட்டினேனே, அந்தச் சோதனை சோதனையே இல்லை.

இந்த மீட்டரின் மைனஸ் தேர்வாளர் கேட்ட மைனஸ் அல்ல. இது வெறும் பொய்க் கணக்கு. ஆனால் அதைப் பார்த்துக் குளிர் என்று சொன்ன வாய் அதே வாய்தான். இருபத்திரண்டு வயதில் யோசிக்காமல் சொன்னதை நாற்பத்து நான்கு வயதிலும் யோசிக்காமல் சொல்லியிருக்கிறேன். அன்று எதிரில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இன்று எதிரில் இருந்தவருக்கு வேலை போய்விட்டது.

நான் யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வகத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வயரைச் சத்தமில்லாமல் மாற்றி மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. நடுவருஷத்தில் அண்ணாச்சியின் பெண்ணை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள் என்று இன்னொரு நினைப்பு வந்தது. "ச்சீ, எழுந்திரு" என்று வாய்விட்டே என்னைத் திட்டிக்கொண்டு எழுந்தேன்.

முதலாளி தேநீர் குடிக்கப் போகும் நேரம். "அந்த டீயோட கொஞ்சம் மெஷினுகிட்ட வாங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்து டம்ளரோடு வந்தார். கம்பியை அதன் உறையிலிருந்து உருவி வெளியே எடுத்தேன். ஆறவிட்டதும் மீட்டர் ஏறி முப்பத்தொன்றில் நின்றது. ஆவி பறந்த தேநீருக்குள் கம்பியை விட்டேன். இருபது. பத்து. சுழி. மைனஸ் ஐந்து. மைனஸ் பதின்மூன்றில் வந்து நின்றது.

"இது என்னுங்க கூத்து?" என்று முதலாளி தேநீரில் விரலை விட்டார். "அய்யோ!" என்று உதறினார்.

"சூடு ஏறுனா இது எறங்குமுங்க. மீட்டரப் பாத்தா பனிக்கட்டி, உள்ள கொதிக்கிற தண்ணி. வயர மாத்தி மாட்டியிருக்குதுங்க. அண்ணாச்சி மேல தப்பு இல்லீங்க."

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "எலக்ட்ரீசியன் வேலையா? வரட்டும், பேசிக்கறேன்" என்றார். காலையில் நான் மாட்டியது பூசைச் சந்தடியில் அவருக்கு மறந்தேபோயிருந்தது. தப்பிக்க அதைவிட நல்ல வழி யாருக்கும் கிடைக்காது.

"அவரு ஊருல இருக்காருங்க. மாட்டுனது நானுங்க" என்றேன்.

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னும் இருக்குதுங்க. அவரு ரெண்டு வாட்டி வந்து எங்கிட்டச் சொன்னாருங்க. கைய வச்சுப் பாத்தேன், சுடுதுன்னாரு. மீட்டரு மைனஸுல போகுதுன்னாரு. நாந்தான் மைனஸ்னா குளிரு, தொறந்து விடுங்கன்னு கத்துனேன்."

அவர் கம்பியைத் தேநீரிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். "உங்களுக்குத்தான் சூட்டப் பத்தி எல்லாந் தெரியுமுங்களே அம்மணி" என்றார். சத்தமே போடவில்லை. பதினெட்டு வருஷத்தில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை.

"துணிய நேவி நீலத்துக்கு மாத்திப் போட்டுக் காப்பாத்திக்கலாம். போங்க, அவரக் கூட்டிட்டு வாங்க. ஆள அனுப்பாதீங்க, நீங்களே போங்க."

லைன் வீட்டுக்குப் போனபோது பாதிச் சாமான்களைக் கட்டியாகிவிட்டது. அண்ணாச்சியின் மனைவி பாத்திரங்களைப் பழைய சேலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மகளின் புத்தகங்கள் பனியன் துணிக் கீற்றால் இறுக்கிக் கட்டப்பட்டு வாசலில் இருந்தன, அந்தப் பெண் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அழுதிருப்பது தெரிந்தது. அண்ணாச்சி கழற்றிய மின்விசிறியோடு ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போகவில்லை. வாசலில் நின்று, மூன்று பேருக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். வயரை மாற்றி மாட்டியது நான், அண்ணாச்சி வந்து சொன்னார், நான் கேட்கவில்லை, முதலாளியிடம் சொல்லிவிட்டேன், வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. அண்ணாச்சியின் மனைவி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் புத்தகக் கட்டின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

அண்ணாச்சி, "சரி மேடம். இத மாட்டிட்டு வாரேன்" என்று மறுபடி ஸ்டூலில் ஏறினார். மகள் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அப்படியே திரும்பிப் போக மனசு வரவில்லை. "ஆபீஸ்ல வச்சு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க அண்ணாச்சி? மேடம் சொல்லித்தான் தொறந்தேன்னு? நான் அங்கதான நின்னேன். எதுக்குங்க சொல்லாம நின்னீங்க?"

அவர் விசிறியின் வயர் இரண்டையும் கையில் பிடித்து, எது எங்கே என்று நிதானமாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"சொன்னேம்லா மேடம். ஒங்ககிட்டதான வந்து சொன்னேன்."